மாணவர் ஆய்வும் மலைவாழ் மக்களும்

நியூசிலாந்தின் மாவோரி மக்களைப் பற்றித் தொகுப்பேடு தயாரிக்கும் மாணவன் பெரும்பாலும் அவர்களுடைய மரச்சிற்பத்தையும் ஆடலையும் படமாக ஒட்டுவதோடு நின்றுவிடுகிறான். தாய்மொழி மறைந்துவருவதைக் கண்ட அம்மக்கள் 1982இல் மழலையர்க்கு மொழிக்கூடங்கள் தொடங்கியதும், 1987இல் அம்மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றதும் அந்த ஏட்டில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

தொலைதூர மக்களிடம் நேரும் இக்குறை, அருகிலுள்ளவர்களிடமும் நேர்கிறது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டாரமும் தமிழக எல்லையை ஒட்டியவை. இங்கே ஆய்வுக்குரிய சமூகத்தின் பிள்ளைகள் அதே வகுப்பில் பக்கத்துப் பலகையில் அமர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே, கேள்வி கேட்கும் முறையே அவர்களுக்குப் பெருமையாகவோ இழிவாகவோ அமைந்துவிடும்.

அட்டப்பாடி இருளர் ஊரில் தலைவர் மூப்பன்; அவருக்குத் துணையாக வண்டாரி, குறுதலை என்போர் உண்டு. நிலமும் விதையும் பற்றிய அறிவு மண்ணுக்காரனுக்கு உரியது. ராகி, சாமை, தினை, துவரை முதலியவற்றை மலைச்சரிவில் கலந்து விதைத்த மக்கள் இவர்கள். நிலம் கைமாறியது, தானியம் குறைந்தது, நியாயவிலைக் கடை அரிசியே முதன்மை உணவாயிற்று. 2013இல் இங்குப் பல சிசுக்கள் இறந்தபோது தாய்மாரின் ஊட்டக்குறைவு நாடெங்கும் பேசப்பட்டது. சிறுதானியச் சாகுபடியை மீட்கும் அரசுத் திட்டம் அதன் பின்னரே வந்தது. பாட்டி உண்டது என்ன, பேத்தி உண்பது என்ன, அது எங்கே விளைந்தது என்று ஒரு மாணவி கேட்டு எழுதினால், அது வெறும் மதிப்பெண்ணுக்கான பணியாக இராது.

இடுக்கியின் முதுவர், மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்ததாகத் தம் வரலாற்றைச் சொல்வர். மணமாகாத இளைஞர் இரவில் தங்கும் சாவடி அவர்களுடைய குடிகளில் உண்டு. அவர்கள் வாழும் இடமலைக்குடி 2010இல் தனி ஊராட்சியாயிற்று. முதுவரைப் பற்றிய ஏட்டில் சாவடியோடு ஊராட்சியும் இடம்பெற வேண்டும்.

மொழியில்தான் பிழை மிகுதியாக நேர்கிறது. இருளர் மொழி தமிழுக்கு நெருக்கமானது. ஆனால் சிதைந்த தமிழன்று. அம்மொழியில் பாடிய நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டது. முதியோர் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதுவதும், எழுதியதை ஊராருக்குப் படித்துக் காட்டுவதும், அவர்கள் வேண்டாமென்றதை நீக்குவதும் ஆசிரியர் முதலில் கற்பிக்க வேண்டியவை. முடிந்த ஏட்டின் ஒரு படி பள்ளி அலமாரியில் இருக்கட்டும். மற்றொரு படி ஊர் மூப்பனிடம் சேரட்டும்.