சிறுநீர் சொல்லும் செய்தி

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறுநீர். கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கலாம். பிறர் கழிவைச் சுமக்கும்படி தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்கள் நாம். அக்கழிவைப் பற்றிய அறிவியலை அறிந்துகொள்ள நாம் கூச வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். அவன் பெற்றோர் கம்பம் பகுதியில் திராட்சைத் தோட்டக் கூலிகள். "ஐயா, பன்னீர்த் திராட்சை தின்றால் நாக்குக் கறுத்துப்போகிறது. வயிற்றுக்குள் போன கறுப்பு எங்கே போகிறது?" என்றான். நான் வரலாறு பயின்றவன். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர்த் திராட்சையின் தோலுக்குக் கருநிறம் தருபவை பீனால் வகைச் சேர்மங்கள். தேயிலை, கேழ்வரகு, கீரை, பயறு ஆகியவற்றிலும் இவ்வகைச் சேர்மங்கள் உண்டு. இவற்றுள் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைகிறது. அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்துச் சிறிய அமிலங்களாக்குகின்றன. அவ்வமிலங்கள் இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் மேலும் மாற்றம் பெற்று, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றன. மாணவன் கேட்ட கறுப்பு, இவ்வாறே நிறமற்ற பொருள்களாகிச் சிறுநீரில் கலக்கிறது.

அவ்வாறு வெளிவருவனவற்றுள் முதன்மையானது ஹிப்பூரிக் அமிலம். 1829இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் குதிரையின் சிறுநீரை ஆராய்ந்து, குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையொட்டி இதற்குப் பெயரிட்டார். புல் தின்னும் பசுவின் சிறுநீரிலும் இது மிகுதி. தேநீர் அருந்திய மனிதரின் சிறுநீரிலும் இதன் அளவு உயர்கிறது. ஆனால், நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அதே உணவைத் தந்தாலும், இத்தகைய பொருள்கள் மிகக் குறைந்துவிடுகின்றன. உணவும் நுண்ணுயிரும் சேர்ந்தாலன்றி இவ்வேலை நடைபெறாது.

செரிக்காமல் பெருங்குடலை அடையும் புரதத்திலிருந்து பாரா-கிரிசால் என்னும் வேறொரு பீனாலையும் இந்நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. சிறுநீரகம் பழுதடைந்தோர் உடலில் அது தேங்கித் தீங்கு செய்யும். இதனால் புரதம் கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். புரதம் நமக்கு மிகவும் வேண்டும். அதனோடு தவிடு நீக்காத தானியமும் கீரையும் காயும் உண்டால், நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை நாடும், பாரா-கிரிசாலும் குறையும்.

குடல் நுண்ணுயிர்கள் புதியன படைக்கவும் வல்லவை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர், மனிதரின் சிறுகுடல் நுண்ணுயிர்களுள் சில வைட்டமின் பி12ஐ உண்டாக்குவதைக் கண்டு, 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

இனி என் பாடமாகிய வரலாற்றுக்கு வருகிறேன். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் நீர் அருந்தினர். குளம் தீட்டுப்பட்டதென்று கூறிய சாதி இந்துக்கள், பின்னர் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றி அதனைத் 'தூய்மை' செய்தனர். அக்கோமியத்தில் உள்ள ஹிப்பூரிக் அமிலம், நீர் அருந்தியோர் உடலிலும் உண்டாகிறது. அவர்களைத் தாக்கியோர் உடலிலும் உண்டாகிறது. இதில் தூயது எது, தீட்டு எது?

ஒருவரின் சிறுநீரைச் சோதித்து, அவர் அண்மையில் உண்டதைப் பற்றி ஓரளவு கூறலாம். அவர் எச்சாதியில் பிறந்தார் என்று கூற இயலாது. ஆனால் காயும் கனியும் அவர் தட்டுக்கு வந்தனவா என்பதன் சுவடு அதில் இருக்கும். சாதி அதில் எழுதப்படவில்லை, வறுமை எழுதப்படுகிறது. திராட்சை பறிக்கும் கைகளுக்கே திராட்சை எட்டவில்லையெனின், அது பிறப்பின் குறையன்று, கூலியின் குறை.

ஆகவே இளைஞர்களே, கேழ்வரகுக் கூழையும் கம்பங்கஞ்சியையும் ஏழை உணவென்று வெட்கி ஒதுக்காதீர்கள். மருத்துவர் எழுதித் தராமல் மருந்துக் கடையில் ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். நோய்க்கிருமியோடு நமக்கு உழைக்கும் நுண்ணுயிர்களும் அதனால் மடியும். நியாயமான கூலியைக் கேட்டுப் பெறுங்கள். அதில் ஒரு பங்கு பிள்ளைகளின் தட்டில் காயாகவும் கனியாகவும் வந்து சேரட்டும்.

அன்று ஒரு சிறுவனின் வினாவுக்கு விடை தெரியாமல் நின்றேன். இனி அத்தகைய வினாக்களுக்கு விடை காணும் ஆய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகளும் இருக்கவேண்டும். இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அதற்குத் துணைநிற்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.