பெயர் சொல்லாத பகை



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணபதியில் கல்வி விளக்கேற்றி வரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், ஓர் எச்சரிக்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அண்மையில் நம் சமுதாய மாணவன் ஒருவன் கைபேசியை நீட்டி, "ஐயா, உலகத்தையே இலுமினாட்டிகதான் ஆட்டி வைக்கிறாங்களாமுங்க" என்றான். "யாரப்பா அவர்கள்?" என்றேன். "யூதப் பணக்காரங்கதானுங்க ஐயா" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இலுமினாட்டி என்பது 1776-இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பேராசிரியர் தொடங்கிய சிறு சங்கம். 1785-இல் அரசின் தடையால் அது ஒடுங்கிற்று. இன்றோ அச்சொல், பலர் வாயில், யூதர் என்று வெளிப்படையாகக் கூறாமல் யூதரைப் பழிக்கும் மறைசொல்.

யூதர் உலகை ஆளச் சதி செய்கின்றனர் என்னும் போலி ஆவணம் 1903-இல் ருஷ்யாவில் அச்சேறியது. அது பழைய பிரெஞ்சு நூலொன்றைப் பார்த்தெழுதிய மோசடி என 1921-இல் லண்டன் 'டைம்ஸ்' ஏடு மெய்ப்பித்தது. ஆயினும் ஹிட்லரின் கூட்டம் அதனைப் பரப்பியது. ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

இவ்வித்தை நாம் அறியாததா? "நாடகக் காதல்" என்னும் சொல்லில் எச்சாதியின் பெயரும் இல்லை. யாரைச் சுட்டுகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அதன்பின் மேடைகளில் பழிக்கப்பட்டோர் எரித்தவர் அல்லர். கறுப்புக் கண்ணாடி அணிந்து பெண்களை மயக்கச் சதி செய்வோர் என்று நம் பிள்ளைகளே! 2015-இல் நம் கொங்கு மண்ணில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அந்தப் பழிச்சொல்லின் சூடுபட்ட நாம், அதே அச்சில் வார்த்த பொய்யை, நாம் கண்ணாலும் காணாத மக்கள் மீது வீசலாமா?

இளைஞர்களே! உலகில் சுரண்டல் இல்லை என்று நான் கூறவில்லை. முதலாளியைக் கேள்வி கேளுங்கள், அரசையும் கேளுங்கள். செய்தவர் யார், செய்தது என்ன, சான்று எது என்று கேளுங்கள். பிறப்பைக் குற்றமாக்காதீர்கள். அண்ணல் அம்பேத்கர் வாழ்நாளெல்லாம் போராடியது அக்கொடுமையை எதிர்த்தே அன்றோ!

அடுத்த முறை அத்தகைய செய்தி வந்தால், அதில் யூதர் என்னும் இடத்தில் நம் பெயரை வைத்துப் படித்துப் பாருங்கள். பிறகு அனுப்ப மனம் வாராது.