மருத்துவக் கல்லூரியும் மார்ச்சு மாதப் பட்டியலும்



ஒரு கல்லூரியின் சிறப்பை அறிய விரும்புவோர், அங்குப் பயின்றவர்கள் பின்னர் என்ன நிலையை அடைந்தனர் என்று வினவுதல் இயல்பு. வினவுதல் தக்கதே, ஆனால் கிடைக்கும் விடையை எவ்வாறு நோக்குவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மருத்துவக் கல்வியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அந்நாட்டில், இளங்கலைப் பட்டம் பெற்ற பின்னரே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 4 ஆண்டுகள் பயில்கின்றனர். அதன் பின்னும் தனித்து மருத்துவம் செய்யும் உரிமை உடனே கிட்டுவதில்லை. 'ரெசிடென்சி' எனப்படும் உறைவிட மருத்துவப் பயிற்சியைப் பெறல் வேண்டும். குடும்ப மருத்துவத்திற்கு அது 3 ஆண்டுகள். மூளை நரம்பு அறுவை மருத்துவத்திற்கு 7 ஆண்டுகள். பயிற்சிக்கு இடம் கிடையாதவர், கடன்பட்டுப் பெற்ற பட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க நேரிடும்.

இவ்விடங்களைப் பங்கிடும் பொதுமுறை 1952ஆம் ஆண்டு தொடங்கியது. மாணவர் தாம் விரும்பும் பயிற்சியிடங்களை வரிசைப்படுத்தித் தருவர். பயிற்சி தரும் மருத்துவமனைகளும் அவ்வாறே மாணவரை வரிசைப்படுத்தும். இரண்டையும் பொருத்தி இன்று கணிப்பொறி முடிவு கூறுகிறது. மார்ச்சு மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை மாணவர் தம் இடத்தை அறிகின்றனர். பின்னர்க் கல்லூரிகள் பல, தம் மாணவர் பெற்ற இடங்களைப் பட்டியலாக வெளியிடுகின்றன.

புகழ்பெற்ற மருத்துவமனைகளின் பெயர்கள் அதில் மிகுந்திருந்தால், அக்கல்லூரியே சிறந்தது எனப் பலர் முடிவு செய்கின்றனர். பிழை இங்கேதான் நேர்கிறது. பட்டியல் மாணவர் பெற்றதைக் கூறுமேயன்றி, அவர் விரும்பியதைக் கூறாது.

ஒரு கல்லூரியில் தோல் மருத்துவத்தை விரும்பிய 3 பேரும் அதனைப் பெற்றனர் எனக் கொள்வோம். மற்றொரு கல்லூரியில் 20 பேர் விரும்பி, 12 பேரே பெற்றனர் எனக் கொள்வோம். பட்டியலில் 12 என்பதே பெரிதாகத் தோன்றும். ஏமாற்றமுற்ற 8 பேர் அதிற் காணப்படார். அன்றியும், முதலாண்டுப் பயிற்சிக்கு மட்டும் இடம் பெற்று, அடுத்த ஆண்டிற்கு வழி தேடுவோரும் இடம் பெற்றவராகவே எண்ணப்படலாம். தாம் பிறந்த சிற்றூருக்கு அண்மையிலுள்ள மருத்துவமனையை முதல் விருப்பமாக எழுதிப் பெற்றவரோ, பெயர்ப்புகழை மட்டும் நோக்குவோர்க்குத் தோற்றவர்போலத் தோன்றுவார். உண்மையில் அவர் வெற்றி பெற்றவரல்லரோ?

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. சேரும்பொழுதே மிக்க திறமுடையோரைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரி நல்ல முடிவுகளைக் காட்டுமாயின், அம்முடிவுகளில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, மாணவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது.

ஆயின் பட்டியலைப் புறக்கணித்துவிடலாமோ? வேண்டா. ஓராண்டுப் பட்டியலை மட்டும் பாராமல், பல ஆண்டுப் பட்டியல்களை ஒருங்கே பாருங்கள். எத்தனை பேர் முயன்றனர், எத்தனை பேர் இடமின்றி நின்றனர், அவர்க்குக் கல்லூரி என்ன துணை செய்தது எனக் கேளுங்கள். நீங்கள் விரும்பும் துறையில் அக்கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையிலேயே பயிற்சி உண்டா என வினவுங்கள். அந்நாட்டு உரிமத் தேர்வின் முதற்படியில் 2022ஆம் ஆண்டு முதல் மதிப்பெண் வழங்கப்படுவதில்லை. தேர்ச்சி மட்டுமே அறிவிக்கப்படுகிறது. ஆதலால், மாணவரை நன்கறிந்து பரிந்துரைக்கும் ஆசிரியரின் துணை மிகவும் வேண்டப்படுகிறது.

எத்துறையிற் புகுவோர்க்கும் இது பொருந்தும். வென்றவரின் பெயர்களைப் படிக்கும்பொழுது, அங்கே எழுதப்படாத பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். அதன் பின்னர் முடிவு செய்யுங்கள்.