காட்டு வழியிலிருந்து கரும்பலகைக்கு



நம் பிள்ளை ஒன்று எந்நேரமும் ஏரிக்கரையில் நிற்கிறது. கொக்கைப் பார்க்கிறது, எறும்பைப் பார்க்கிறது. "ஊர் சுற்றுகிறாயே, உருப்படுவாயா?" என்று திட்டுகிறோம். அந்தப் பிள்ளை நாளை உயிரியல் ஆசிரியர் ஆகலாம். எப்படி? கேளுங்கள்.

கடப்பையில் நடந்த கதை இது. ஜெர்டான் கோர்சர் என்று ஒரு பறவை. இரவில் நடமாடும். 1900-க்குப் பிறகு யாரும் அதைப் பார்த்ததாகப் பதிவு இல்லை. அது அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அதன் படத்தை ஊர் ஊராகக் காட்டி விசாரித்தார்கள். 1986 ஜனவரியில் பறவை கிடைத்தது. அதைப் பிடித்தவர் ஓர் ஊர்க்காரர்! காட்டில் நடந்தவருடைய கண்ணும் அறிவியலுக்கு வேண்டும்.

நம் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. திருப்பதி மலையில் பொன்பல்லி உண்டு. பாறை இடுக்கில் வாழும். பாறையிலேயே முட்டைகளை ஒட்டி வைக்கும். ஏன் அங்கே வைக்கிறது? பிள்ளைகளை அழைத்துப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும். அதுவே உயிரியல் பாடம்.

மதனப்பள்ளி அருகே ரிஷி வேலிப் பள்ளி இருக்கிறது. அந்தப் பகுதி 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வறண்ட பள்ளத்தாக்கில் மரம் வளர்த்தார்கள். பறவைகள் வந்தன. 1991-ல் அது பறவைக் காப்பிடம் ஆயிற்று. அங்கே பறவைக் கல்வி நிலையத்தை நடத்தியவர் வி. சாந்தாராம். இவர் சென்னை அடையாற்று முகத்துவாரத்தில் பறவை பார்த்துப் பழகியவர். பிறகு மரங்கொத்திகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். முதலில் கண், பிறகு படிப்பு.

ஆனால் காட்டறிவு மட்டும் போதாது, நண்பர்களே. காட்டில் மணி அடிக்காது. பள்ளியில் மணி அடிக்கும், பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு. பறவையின் பெயர் தெரிந்தவருக்கும் செல், இரத்த ஓட்டம், நோய்க்கிருமி எல்லாம் தெரியவேண்டும். அதற்குப் படிக்கத்தான் வேண்டும்.

வழி இதுதான். பத்தாவது முடிக்க வேண்டும். இன்டரில் பைபிசி எடுக்க வேண்டும். பிறகு தாவரவியல், விலங்கியல் உள்ள பட்டப்படிப்பு. அதன்மேல் இரண்டு ஆண்டு பி.எட். அரசுப் பள்ளி வேலைக்கு டெட், டிஎஸ்சி தேர்வுகள். பாதியில் படிப்பை விட்டவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவதும் இன்டரும் எழுதலாம்.

இப்படி வந்தவர் வகுப்பில் என்ன செய்வார்? 'இலை' என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போவார். "பாருங்கள், தொடுங்கள், வித்தியாசத்தைச் சொல்லுங்கள்" என்பார். பிறகு புத்தகத்தைத் திறப்பார். பார்த்ததைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

தாய்மார்களே, ஆடு மேய்க்கும்போது எந்தச் செடியை ஆடு தொடாது என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இப்போது எழுதவும் தெரியுமே, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏரிக்கரையில் நிற்கும் மகளைத் திட்டாதீர்கள். "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள்.

நாளைக்கு அவளே நம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக நிற்கட்டும்.