மின்னோட்டத்தின் இரு விளைவுகள்: வெப்பமும் காந்தமும்



மொழியியலைப் பணியாகக் கொண்டிருந்த நாம் மின்னியல் பற்றிப் பேச முன்வந்தது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, இங்கே சிங்கப்பூரில் உறவினர் ஒருவர் இல்லத்தில் இருந்தோம். அவ்வீட்டுப் பாட்டியார் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் வெந்நீர்க் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகியிருந்தார். உயர்நிலை மூன்றாம் வகுப்பில் பயிலும் பேரன் அதைக் கண்டு பதறி, "பாட்டி, ஓவர்லோட் ஆயிடும்!" என்றான். "அப்படின்னா என்னப்பா? நேத்துகூட நல்லாத்தானே ஓடிச்சு" என்றார் அவர். பேரனுக்கு விடை தெரியும். சொல்லத் தமிழ் வரவில்லை. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அவன் போனதும் பாட்டியார் அதை மீண்டும் செருகிக்கொண்டார். இரவில் பார்த்தபோது பிளக்கின் ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகிய வாடை வீசிற்று. நல்லவேளையாகத் தீ மூளவில்லை.

அந்த மாணவன் இதே பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன். ஆயினும் அவன் கற்றது வீட்டுக்குப் பயன்படவில்லை. அன்று அவன் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் இன்று நாம் சொல்ல முற்படுகிறோம்.

முதலில் 'மின்னோட்டம்' என்னும் சொல்லை நோக்குவோம். மின்னுதல் என்னும் வினைக்கு அடியான 'மின்', பழந்தமிழில் மின்னலையும் குறித்தது. அதனோடு 'ஓட்டம்' சேர்ந்து மின்னோட்டம் ஆயிற்று. பேச்சில் நாம் "ஏசி கரண்டைத் தின்னும்" என்கிறோம். இவ்வழக்கு மாணவரைப் பிழையான எண்ணத்துக்கு இட்டுச் செல்கிறது. ஒரே தொடர்சுற்றில் இரண்டு மின்குமிழ்கள் இருந்தால், முதற்குமிழ் மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புவதில்லை. இரண்டின் வழியாகவும் ஓடுவது ஒரே அளவு மின்னோட்டமே. குமிழ்களில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றல். ஆற்றுநீர் ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத் தொடர்ந்து ஓடுவதை நினைவிற் கொண்டால் 'ஓட்டம்' என்னும் சொல்லின் பொருத்தம் விளங்கும்.

இனி வெப்ப விளைவு. உலோகக் கம்பியில் நகரும் எலக்ட்ரான்கள் அங்குள்ள அயனிகளோடு மோதுகின்றன. அம்மோதலில் ஆற்றல் வெப்பமாகிறது. இம்மோதலால் ஓட்டத்துக்கு ஏற்படும் எதிர்ப்பே மின்தடை. 1841ஆம் ஆண்டில் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் இவ்வெப்பத்தின் அளவை ஆராய்ந்து வெளியிட்டார். வெப்பம் மின்தடைக்கும் நேரத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும். மின்னோட்டத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். இங்கே 'இருமடி' என்பதை 'இருமடங்கு' என்று மயங்கலாகாது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

இதைக் கொண்டு பாட்டியாரின் வினாவுக்கு விடை காண்போம். நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். 2,300 வாட் கெட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். இஸ்திரிப் பெட்டி 8 ஆம்பியர் பெறுவதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 18 ஆம்பியர். 10இன் இருமடி 100. 18இன் இருமடி 324. ஆகவே, கெட்டில் மட்டும் இயங்கும்போது அந்த வயரில் தோன்றும் வெப்பத்தைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் இப்போது தோன்றும். "நேற்று ஓடியது" உண்மைதான். நேற்றும் அது உள்ளே சூடேறிக்கொண்டுதான் ஓடியது.

கெட்டிலின் உள்ளே இதே விளைவு நமக்கு நன்மை செய்கிறது. அங்குள்ள சூடேற்றும் சுருள், நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் போன்ற மின்தடை மிகுந்த உலோகக் கலவையால் ஆனது. இணைப்புக் கம்பியோ மின்தடை குறைந்த செம்பு. ஒரே மின்னோட்டம் ஓடினும் சுருள் கொதிக்க வைக்கிறது. கம்பி அவ்வளவாகச் சுடுவதில்லை.

பிளக்கினுள் இருக்கும் பாதுகாப்பு இழைக்கு 'உருகி' என்று பெயர். 'உருகு' என்னும் வினையோடு 'இ' விகுதி சேர்ந்து, உருகும் பொருளைக் குறித்தது. மின்னோட்டம் அளவு கடந்தால் தான் உருகிச் சுற்றைத் துண்டிப்பதே அதன் வேலை. ஆயினும், 13 ஆம்பியர் உருகி 18 ஆம்பியரில் உடனே உருகிவிடாது. நெடுநேரம் தாங்கி நிற்கவும் கூடும். ஆகவே உருகி இருக்கிறதே என்று சுமையை ஏற்றுவது தவறு.

அடுத்துக் காந்த விளைவு. 1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே இருந்த திசைகாட்டியின் ஊசி விலகுவதைக் கண்டார். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் ஊசி எதிர்ப்பக்கம் விலகும். கம்பியை வலக்கையால் பற்றுவதாக எண்ணி, பெருவிரலை மின்னோட்டத்தின் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் வளையும் திசையே காந்தப்புலத்தின் திசை. கம்பியைச் சுருளாகச் சுற்றி நடுவே தேனிரும்பை வைத்தால் அது வலிய மின்காந்தம் ஆகும். மின்னோட்டம் நின்றால் அதன் காந்தத்தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும். மின்மணி இவ்வியல்பைக் கொண்டே ஒலிக்கிறது.

இவ்விரு விளைவுகளும் ஒன்றாகப் பணிபுரியும் கருவி உங்கள் வீட்டு மின்பெட்டியிலேயே உள்ளது. அதைச் 'சுற்றுத் துண்டிப்பான்' என்போம். மின்னோட்டம் சற்றே மிகுந்து நீடித்தால், அதனுள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி மெல்ல வளைந்து சுற்றைத் துண்டிக்கும். இது வெப்ப விளைவு. குறுக்குச்சுற்று நேர்ந்து மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்கானால், மின்காந்தம் நொடிப்பொழுதில் நெம்புகோலை இழுத்துத் துண்டிக்கும். இது காந்த விளைவு. மெல்ல வரும் தீங்குக்கு ஒன்று. விரைந்து வரும் தீங்குக்கு மற்றொன்று.

மலேசியாவில் பல தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கநிலை அறிவியல் தமிழில் கற்பிக்கப்படுகிறது. சிங்கப்பூர் மாணவர் அறிவியலை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். அதில் குறை காண நாம் வரவில்லை. தமிழாசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒரு சிறு பயிற்சியே. மாணவர் பெரியவர் ஒருவர் துணையோடு மின்பெட்டியின் வெளிக்கதவைத் திறந்து, எதையும் தொடாமல், துண்டிப்பான்களில் பொறித்துள்ள ஆம்பியர் எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர், கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் ஏன் ஒரே வயரில் செருகலாகாது என்பதைத் தமிழில் ஐந்து வாக்கியங்களில் எழுதட்டும். எழுதியதை வீட்டிலுள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ படித்துக் காட்டட்டும்.

கேட்டவர் "சரிப்பா, புரிஞ்சுது" என்று சொல்லித் தாமே ஒரு பிளக்கைக் கழற்றினால் அந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் வழங்குங்கள்.