பாட்டு கேட்டால் வயது குறையுமா?

பீட்டில்ஸ் குழுவின் ‘வென் ஐ ஆம் சிக்ஸ்டி ஃபோர்’ பாட்டைக் கேட்டால் வயது கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு குறையும். மனசுக்கு இளமையாகத் தோன்றும் என்று சொல்லவில்லை. பிறந்த தேதிப்படி உள்ள வயதே குறையும்! பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேரை வைத்துச் செய்து, 2011-இல் ஓர் உளவியல் ஆய்விதழில் வெளியான முடிவு இது.

எழுதிய சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சான் மூவருக்கும் இது அபத்தம் என்று தெரியும். அபத்தத்தையும் விதிப்படி நிரூபித்துவிடலாம் என்று காட்டத்தான் செய்தார்கள். அந்த விதியைப் பாடநூல்களில் ‘மிகைகாண் சோதனை’ என்று படித்திருப்பீர்கள். உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால், தற்செயலாக இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ வித்தியாசம் தெரிய எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி மதிப்பு. 0.05-க்குக் கீழே வந்தால் தேறியது. 35 மார்க் வாங்கினால் பாஸ், 34 என்றால் ஃபெயில் என்கிற மாதிரிதான். இவர்களுக்கு வந்தது 0.04.

எப்படி வந்தது? மாணவர்களிடம் நூறின் வர்க்கமூலம் முதல் அப்பாவின் வயது வரை என்னென்னவோ கேட்டார்கள். பத்துப் பேர் சேரும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்பாவின் வயதைக் கணக்கில் சேர்த்தபோது எண் படிந்தது, அதோடு நிறுத்திவிட்டார்கள். கேட்கவைத்த இன்னொரு பாட்டைப் பற்றி மூச்சே விடவில்லை.

சரி, மாற்று என்ன? 2015-இல் ஒரு சமூக உளவியல் இதழ் பி மதிப்பையே தடை செய்தது. நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்து விரட்டியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகத்தான் எனக்குப் படுகிறது. பயன் உள்ளதே அந்த இடைவெளிதான். ஒரு புதிய பாடமுறையால் மதிப்பெண் கூடியதா என்று பார்க்கிறோம் என்று வையுங்கள். ‘கூடியது, தேறியது’ என்றால் என்ன புரியும்? ‘சராசரியாக 3 மதிப்பெண் கூடியது, அரை மதிப்பெண்ணாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம்’ என்று இடைவெளியோடு சொன்னால், செலவு செய்யலாமா என்று தலைமையாசிரியரே யோசிப்பார். முன்பு தெரிந்ததோடு புதுச் சான்றைச் சேர்த்து எடைபோடும் பேயஸ் முறையும் உண்டு.

ஆனால் எந்தக் கணக்கையும் வளைக்கலாம். அதனால் என் ஓட்டு முன்பதிவுக்குத்தான். எத்தனை பேர், என்ன கேள்வி, எந்தக் கணக்கு என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 2013-இல் ‘கார்டெக்ஸ்’ இதழ் இன்னும் ஒரு படி மேலே போனது. திட்டத்தைப் படித்தே கட்டுரையை ஏற்பார்கள். முடிவு எப்படி வந்தாலும் அச்சாகும்.

அந்த மூவரும் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால், பாட்டுக்கும் வயதுக்கும் நடுவே அப்பாவின் வயது எதற்கு என்று முதல் நாளே யாராவது கேட்டிருப்பார்கள்.