விரத நாளும் சத்து மாத்திரையும்



போன ஐப்பசியில் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட எழுந்த நம்ம உறுப்பினர் ஒருவர் அப்படியே மயங்கிச் சரிந்தார். சஷ்டி விரதம், நாலாவது நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். வீட்டில் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே இருந்தன. "செவ்வாய், வெள்ளி, கிருத்திகைன்னு மாறி மாறி விரதம். வெறும் வயித்துல போட்டா குமட்டுது. விரதம் முடியட்டும்னு விட்டேன், அப்படியே விட்டுப்போச்சு" என்றார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும்.

விரதத்தை விடச் சொல்லி நாங்கள் வரவில்லை. மாத்திரையை விடாதீங்க என்றுதான் சொல்கிறோம்.

ஒருவேளை சாப்பிடும் விரதமா? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள், குமட்டல் குறையும். கூடவே எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். பாலும் பழமும்தான் என்றால் பழத்தோடு போடுங்கள், பால் பிறகு. விரதம்னு சொல்லிட்டு நாலு தடவை காபி, டீ குடிக்கிறோமே, அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அது வேண்டாம். கால்சியம் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரம் விடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீங்க, அது இரும்புச்சத்தால்தான்.

வாரம் ஒரு மாத்திரை போடச் சொன்னவர்கள் விரதமில்லாத ஒரு கிழமையை வைத்துக்கொள்ளலாம். தினமும் போடச் சொன்னவர்கள் ஒரு நாளும் விடக்கூடாது.

மாத்திரை சாப்பாடு ஆகாது. மற்ற நாளில் முருங்கைக்கீரை, கம்பு, பயறு, முடிந்தவர்கள் மீன், ஈரல் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம்.

அந்தச் சகோதரி மூன்று மாதம் விடாமல் போட்டார். இப்போது 10.5 கிராம். வெள்ளிக்கிழமை விரதமும் நடக்கிறது.

இனிமேல் கூட்டத்தில் "சேமிப்பு கட்டியாச்சா?" என்று கேட்கும்போதே "மாத்திரை போட்டாச்சா?" என்றும் ஒருவரையொருவர் கேட்போம்.